டவுன் ஹால் பால்கனியில் ஒரு மாங்கல்யம்

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் நானும் என் கணவரும் டிவிக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். நான் அரக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தேன். அவர் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக இருந்தார். அந்த நேரத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பயந்திருப்பார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. அன்று எங்கள் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். கல்யாணம் ஜெர்மனியில். நாங்கள் இங்கே.

"பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்குப் போகாமல் அப்படி என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கல்யாணம் நிச்சயமான பிறகு வந்த ஆறு மாதத்தில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடைக்காரர் கேட்டார். கோயிலில் பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி கேட்டார். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெண்ணுக்கு ஐந்து வயதாகும்போது திருச்சியிலிருந்து இங்கே வந்தோம். என் கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை, அதற்கான விசா. கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்றே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. நடுவில் ஒரு கம்பெனி இழுத்து மூடப்பட்டதில், வரிசையின் கடைசிக்கே திரும்பிப் போனோம். இங்கே பிள்ளைகள் இருபத்தொரு வயது வரைக்கும்தான் அப்பா அம்மாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் அவரவர் பாடு. வேலை விசாவுக்கான குலுக்கலிலும் எங்கள் பெண்ணின் பெயர் வரவில்லை. இங்கேயே வளர்ந்து, தமிழில் திட்டினால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பெண், மூட்டை கட்டிக்கொண்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள். படித்தாள், அங்கேயே வேலை கிடைத்தது, கூட வேலை பார்த்த ஒரு ஜெர்மன் பையனைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவுக்குள் இருக்கும் வரை அதனால் தொந்தரவு இல்லை. வெளியே கால் வைத்தால், திரும்பி வர இந்தியாவுக்குப் போய் அமெரிக்கத் தூதரகத்தில் புது முத்திரை வாங்க வேண்டும். என் கணவரோடு வேலை பார்த்த ஒருவர், அப்பாவின் காரியத்துக்கு என்று இரண்டு வார லீவில் போனார். அப்பாயின்ட்மென்ட் தள்ளித் தள்ளிப் போய், மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே வேலை போயிற்று. அவர் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்ட நாங்கள்தான் உதவிக்குப் போனோம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு என் கணவர் டிக்கெட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எங்கள் பெண்ணும் இங்கே வந்து போக விசிட்டர் விசா கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுவிட்டார்கள். ஆக, அவளால் உள்ளே வர முடியாது, எங்களால் வெளியே போக முடியாது.

"நீங்க வர முடியலைன்னா நான் கல்யாணத்தை போஸ்ட்போன் பண்றேன்" என்றாள். எதுவரைக்கும்? எங்கள் கிரீன் கார்டு வரும் வரைக்குமா? அப்படிக் காத்திருந்தால் கல்யாணத்தையும் அறுபதாம் கல்யாணத்தையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். நான்தான் வேண்டாம், பண்ணிக்கொள் என்றேன். ஆனால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நீ சம்மதம் சொல்றதை என் காதால கேக்கணும். தாலி ஏர்றதைக் கண்ணால பாக்கணும். அதுவும் அந்த நிமிஷமே. ரெக்கார்ட் பண்ணி அப்புறமா அனுப்பறதெல்லாம் எனக்கு வேண்டாம்டி."

"ப்ராமிஸ்மா. நீங்க பாக்காம நான் யெஸ் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஜெர்மனியில் கோயிலிலோ சர்ச்சிலோ எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆனால் சட்டப்படி கல்யாணம் என்றால் அரசாங்கப் பதிவாளர் முன்னால்தான். பையனின் ஊர் ஒரு சின்ன ஊர். அங்கே டவுன் ஹாலில் அதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. டவுன் ஹால் என்றதும் எனக்கு நம் ஊர் முனிசிபாலிடி ஆபீஸ்தான் மனதில் வந்தது. பச்சை டிஸ்டம்பர், வெற்றிலைக் கறை, சாப்பாட்டுக்குப் போயிருக்கும் கிளார்க். போட்டோ வந்ததும் வாயை மூட மறந்துவிட்டேன். நானூறு வருஷத்துக்கும் மேல் பழைய கட்டடம். அந்த ஊர் உப்பு வியாபாரத்தில் கொழித்த மறுமலர்ச்சிக் காலத்தில் கட்டியதாம். முகப்பு படிப்படியாகக் குறுகி உச்சியில் கூராக முடிகிறது. ஓரமெல்லாம் சங்கைப்போலச் சுருண்ட கல்வேலை. ஒவ்வொரு படியிலும் ஒரு கல் பொம்மை நிற்கிறது. நடுவில் நீலமும் தங்கமுமாக ஒரு பெரிய கடிகாரம். கீழே வளைவு வளைவாகத் தாழ்வாரம், முன்னால் காய்கறிச் சந்தை கூடுகிற சதுக்கம்.

என் கணவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கோபுரம் மாதிரியே இருக்கு பாரு, பொம்மையெல்லாம் வச்சு" என்றார். அவர் சும்மாதான் சொன்னார். எனக்கு என்னவோ அதில் மனசு கொஞ்சம் ஆறியது.

மனசு ஆறாதது அங்கே இருந்த பதிவாளர் அம்மாள் விஷயத்தில்தான். அப்பப்பா, என்ன கறார்! பெண்ணின் பிறப்புச் சான்றிதழைத் திருப்பி அனுப்பினார். அதில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது. திருச்சியில் அந்தக் காலத்தில் அப்படித்தான் கொடுப்பார்கள். என் தம்பி கார்ப்பரேஷனுக்கு நடையாய் நடந்து புதிதாக வாங்கி அனுப்பினான். அடுத்து, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார். எங்களில் அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல் என்று எழுதினால், அதற்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார். பிறகு விதிமுறைகள் வந்தன. பழைய கட்டடம் என்பதால் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் ஏற்றக் கூடாது. அரிசி, பூ எதுவும் தூவக் கூடாது. அரை மணி நேரத்துக்கு ஒரு கல்யாணம், ஐந்து நிமிஷம் தாமதமானாலும் பொறுப்பில்லை. அட்சதை கூடாது என்றால் அது என்ன கல்யாணம் என்று நான் இங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டே கத்தினேன். மனசுக்குள் அந்த அம்மாளை ஆறடி உயரம், இறுக்கிக் கட்டிய கொண்டை, சிரிக்காத முகம் என்று ஒரு உருவமே செய்து வைத்துவிட்டேன்.

இதில் நான் ஒரு கூத்து வேறு பண்ணினேன். முதலில் அவர்கள் கொடுத்தது வெள்ளிக்கிழமை பதினொரு மணி. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை ராகு காலம் ஆயிற்றே! வேறு நேரம் கேள் என்று பெண்ணைப் பிடுங்கி எடுத்தேன். அவளும் ராகு என்றால் யார், அவருக்கும் வெள்ளிக்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினாள். ஒரே வரியில் பதில் வந்தது. பன்னிரண்டு மணி காலியாக இருக்கிறது, அதன் பிறகு மதிய உணவு இடைவேளை, நேரத்துக்கு வரவும். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் கணவர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"கோவப்படாம கேளு. அங்கே இப்ப சூரியன் காலைல அஞ்சு மணிக்கே வந்துடுது. ராத்திரி ஒன்பதரை ஆனாத்தான் போகுது. அந்தப் பகலை எட்டாப் பிரிச்சா, வெள்ளிக்கிழமை ராகு காலம் பதினொன்னே காலுக்குத்தான் ஆரம்பிக்குது. ஒன்னே கால் வரைக்கும்."

நான் கோயில் குருக்களுக்கு போன் போட்டேன். "கல்யாணம் எந்த ஊரிலோ, அந்த ஊர்ச் சூரியன்தாம்மா கணக்கு" என்று அவரும் சொல்லிவிட்டார். ஆக, ராகு காலம் ஆரம்பிக்கும் முன்னாலேயே முடிந்திருக்கக்கூடிய கல்யாணத்தை, நானே கெஞ்சிக் கூத்தாடி ராகு காலத்தின் நட்ட நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இதை மறுபடி மாற்றச் சொன்னால் பெண் என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள். பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை வேண்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்திலிருந்து போனது என் தம்பி மட்டும்தான். திருச்சியிலிருந்து தாய்மாமன் சீராகக் கூறைப்புடவை, மாங்கல்யம், சட்டைப் பையில் ஒரு பொட்டலம் அட்சதை எல்லாவற்றோடும் போய் இறங்கியிருந்தான். வீடியோ காலில் எங்களுக்குக் கல்யாணத்தைக் காட்டும் பொறுப்பு அவனுடையது. முந்தின நாளே டவுன் ஹால் வாசலில் நின்றுகொண்டு சோதித்துப் பார்த்தான். கடிகார முள் தெரிகிற அளவுக்குப் படம் தெளிவாக வந்தது.

அந்தக் காலை ஆறு மணிக்கு, அங்கே பன்னிரண்டு மணிக்கு, கல்யாண அறைக்குள் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். எங்கள் டிவியில் வளைந்த கல் கூரை தெரிந்தது, கறுத்துப்போன மர நாற்காலிகள் தெரிந்தன. கூறைப்புடவையில் எங்கள் பெண் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். "அம்மா, அப்பா, ஆர் யூ தேர்?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினோம். பதிவாளர் அம்மாள் பேச ஆரம்பித்த குரல் கேட்டது. முகம் தெரிவதற்குள் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பெண்ணின் பாதி முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அதுவும் போயிற்று.

நாங்கள் கூப்பிட்டோம், போகவில்லை. மறுபடி கூப்பிட்டோம். என் கணவர், "நம்ம வைஃபைதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடி ரௌட்டரை அணைத்துப் போட்டார். அது மறுபடி உயிர் பெறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று. அது வந்த பிறகும் தம்பியின் போன் எடுக்கவில்லை. பெண்ணின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நன்றாக விடிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கார் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எல்லாருக்கும் அது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை.

"முடிஞ்சிருக்கும்" என்றேன். அரை மணி நேரத்துக்கு ஒரு கல்யாணம், தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதி அனுப்பிய அம்மாள் எங்களுக்காகவா காத்திருக்கப் போகிறார்? நான் மாற்றி வாங்கிய நேரம் நினைவுக்கு வந்தது. என் பெண் கல்யாணத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். இருபது வருஷமாக விசா, கிரீன் கார்டு, வேலை எது போனாலும் "பாத்துக்கலாம்" என்று சொல்லும் என் கணவர், அன்று அதைச் சொல்லவில்லை. அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவியின் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் அங்கே உள்ளே நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான். அந்த அறையின் சுவர் ஒரு ஆள் கையை நீட்டினால் மறுபக்கம் எட்டாத அளவுக்குத் தடிப்பாம். கல் கூரை வேறு. கதவைச் சாத்தியதும் சிக்னல் செத்துவிட்டது. தம்பி போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடியிருக்கிறான். யாருக்கும் கல்யாணத்தை நிறுத்தத் தைரியம் இல்லை. பதிவாளர் அம்மாள் படிக்க வேண்டியதையெல்லாம் படித்து முடித்து, பையனிடம் கேட்டிருக்கிறார், அவன் சம்மதம் என்றிருக்கிறான். அடுத்து எங்கள் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவள் திரும்பித் தம்பியைப் பார்த்திருக்கிறாள். தம்பி உதட்டைப் பிதுக்கியிருக்கிறான். அவ்வளவுதான், வாயைத் திறக்கவே இல்லையாம் எங்கள் பெண். கண்ணிலிருந்து கடகடவென்று தண்ணீர் கொட்டியிருக்கிறது. பையன் வெளிறிப் போய்விட்டானாம். அவனுடைய அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாராம். கடைசி நிமிஷத்தில் பெண் மனசு மாறிவிட்டது என்றல்லவா நினைத்திருப்பார்கள், பாவம்!

பதிவாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாராம். எங்கள் பெண் விக்கி விக்கி ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அப்பா அம்மாவால் வர முடியாது, என்னால் அங்கே போக முடியாது, அவர்கள் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், இப்போது அவர்கள் இல்லை என்று. அந்த அம்மாள் படித்துக்கொண்டிருந்த கோப்பை மூடினார். யாரையோ கூப்பிட்டு ஒரு சாவியைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு எல்லாரையும் பார்த்து, மணமக்களைத் தவிர மற்றவர்கள் கீழே சதுக்கத்துக்குப் போங்கள் என்றார்.

எங்கள் டிவி உயிர் பெற்றபோது முதலில் தெரிந்தது தம்பியின் மூக்குதான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா! இருக்கீங்களா? மாமா எங்கே? ரெண்டு பேரும் பாருங்க, மேல பாருங்க!"

"கல்யாணம் ஆயிடுச்சாடா?"

"இல்லக்கா! இன்னும் ஆகல! உங்களுக்காகத்தான் நிக்குது!"

போனைத் திருப்பினான். முழுக் கட்டடமும் வெயிலில் எங்கள் ஹாலுக்குள் வந்து நின்றது. வாசலுக்கு மேலே, கடிகாரத்துக்குக் கீழே, சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கல் பால்கனி. அதன் கதவை வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஊர்த் திருவிழாவுக்குத்தான் திறப்பார்களாம். கதவு உப்பிப்போய் இறுகியிருந்ததால், எங்கள் மாப்பிள்ளையே தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறந்ததாம். பழைய கல் என்பதால் மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்கும் ஒரு விதி இருந்தது, பாருங்கள்! அதனால்தான் மற்ற எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா அம்மா, நண்பர்கள், என் தம்பி எல்லாரும் காய்கறிக் கடைகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனுக்குள் முகத்தை விட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மேலே கதவு திறந்தது. எங்கள் பெண் வந்தாள், மாப்பிள்ளை வந்தான், அவர்களுக்கு நடுவில் பதிவாளர் அம்மாள் வந்தார். ஆறடியும் இல்லை, கொண்டையும் இல்லை. எங்கள் பெண்ணின் தோள் உயரம்கூட இல்லாத, குட்டை முடி வெட்டிய ஒரு குண்டு அம்மாள். கையில் கோப்பு. பால்கனியின் விளிம்பில் வயிறு இடிக்க எட்டிப் பார்த்து, கீழே போனைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு, சந்தையே திரும்பிப் பார்க்கும் குரலில் இங்கிலீஷில் கூவினார்.

"நியூ ஜெர்சியில் இருக்கும் பெண்ணின் பெற்றோரே, நான் பேசுவது கேட்கிறதா?"

நாங்கள் இரண்டு பேரும் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, "யெஸ்! யெஸ்!" என்று கத்தினோம். எங்கள் குரல் மேலே போய்ச் சேர்ந்திருக்காது. தம்பி கையைத் தூக்கி ஆட்டினான். அவனைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவும் கையைத் தூக்கினார். தக்காளிக்கடை அம்மாள் ஒருத்தி, விஷயம் என்னவென்றே தெரியாமல் அவளும் கையைத் தூக்கினாள்.

பதிவாளர் அம்மாள் கோப்பைத் திறந்து முதலிலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியையும் ஜெர்மன் மொழியில் ஒரு முறை, எங்களுக்காக இங்கிலீஷில் ஒரு முறை. அவசரமே படவில்லை. பையனை மறுபடி கேட்டார், அவன் மறுபடி சொன்னான். பிறகு எங்கள் பெண்ணைக் கேட்டார். அவள் அந்த அம்மாளையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேராகக் கீழே, போனைப் பார்த்து, ஜெர்மன் மொழியில் "யா!" என்றாள். அதே மூச்சில் "யெஸ்மா! யெஸ்பா! சம்மதம்!" என்றாள். சம்மதம் என்ற வார்த்தையை அவள் எப்போது கற்றுக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது. சின்ன வயதில் பூந்தியைக்கூட யெல்லோ பால்ஸ் என்று கேட்ட பெண். என் கணவர் அந்த இடத்தில்தான் உடைந்து போனார். தேம்பித் தேம்பி அழுதார். நான் அழவில்லை. அழுதால் கண் மறைக்குமே, எப்படிப் பார்ப்பது?

கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாங்கல்யத் தட்டைப் பதிவாளர் அம்மாளே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை ஷூ லேஸில் ஒரு மாதம் பழகியிருந்தான், மூன்று முடிச்சையும் சரியாகப் போட்டான். கீழிருந்து என் தம்பி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று அலறினான். மேளத்துக்கு எங்கே போவது? என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூஜைத் தாம்பாளத்தை எடுத்து, கரண்டியால் டங் டங் என்று அடித்தார். நான் கையில் வைத்திருந்த அட்சதை முழுவதையும் டிவியின் மேல் போட்டேன். அங்கே சந்தை முழுக்கக் கை தட்டியது. இன்றைக்கும் வாக்யூம் போடும்போது டிவி ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் அரிசி வந்துகொண்டுதான் இருக்கிறது.

தம்பியும் சும்மா இருக்கவில்லை. பொட்டலத்தை அவிழ்த்து, சதுக்கத்தில் நின்றபடியே மேலே பார்த்து வீசினான். அது பால்கனிக்கு எங்கே போய்ச் சேரும், பாதி அவன் தலையிலேயே விழுந்தது, புறாக்கள் ஓடி வந்தன. மேலேயிருந்து பதிவாளர் அம்மாள் விரலை ஆட்டினார். பிறகு சிரித்துவிட்டார்.

எல்லாம் முடிந்து கையெழுத்தும் ஆன பிறகு அவர் கீழே வந்தார். தம்பி போனை அவர் பக்கம் நீட்டினான். நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். நேரத்தை மாற்றச் சொல்லி உங்களைப் படுத்தி எடுத்தேன் என்று மட்டும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"மாற்றியது நல்லதாகப் போயிற்று. பதினொரு மணியாக இருந்தால் அடுத்த ஜோடி கதவைத் தட்டியிருக்கும், எனக்கு நேரம் இருந்திருக்காது. இது என்னுடைய சாப்பாட்டு நேரம், இதை யாரோடு வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம்" என்றார்.

பிறகு தலையைத் திருப்பி அந்தப் பால்கனியைக் காட்டினார். அந்தக் காலத்தில் சபை கூடும் மண்டபத்துக்குள் எல்லாரும் நுழைந்துவிட முடியாதாம். பணம் உள்ளவர்களும் பதவி உள்ளவர்களும் மட்டும்தான் உள்ளே. மற்ற ஜனங்கள் சதுக்கத்தில் நிற்பார்கள். உள்ளே முடிவு செய்ததை இந்தப் பால்கனியில் வந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் காதில் விழுந்தால்தான் அது செல்லும்.

"உள்ளே வர அனுமதி இல்லாதவர்களுக்காகத்தான் இதைக் கட்டினார்கள். இன்றைக்கு அதன் வேலையை அது செய்தது, அவ்வளவுதான்" என்றார். என் நன்றிக்குக் காத்திராமல், சாப்பிட மிச்சம் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் தம்பியிடம், சதுக்கத்தில் கிடக்கும் அரிசியைப் பெருக்குவது தன் இலாகா இல்லை என்றும் சொன்னாராம். தம்பி துடைப்பம் கடன் வாங்கிப் பெருக்கிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் ஒரு விதியைக்கூட மீறவில்லை. விளக்கு ஏற்ற விடவில்லை, கட்டடத்துக்குள் அரிசி தூவ விடவில்லை, பால்கனியில் நாலாவது ஆளை நிற்க விடவில்லை. இருக்கிற விதிக்குள்ளேயே, பூட்டிக் கிடந்த ஒரு கதவின் சாவியைக் கேட்டு வாங்கினார். விதி, விதி என்று இருபது வருஷமாக ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கேட்டுக் கேட்டு மரத்துப்போன எங்களுக்கு, விதிக்குள் இருந்துகொண்டே இப்படியும் ஒருவர் நடந்துகொள்ளலாம் என்பது புதிதாக இருந்தது. நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் விதிகள் நிறைய. ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, மூடும் நேரத்துக்கு அப்புறம் பதறி ஓடி வரும் அம்மாக்களிடம் முன்பெல்லாம் கடிகாரத்தைக் காட்டுவேன். இப்போது அவர்கள் மூச்சு வாங்கி முடிக்கும் வரைக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கிரீன் கார்டு வரிசை இன்னும் நகரவில்லை. எங்கள் பெண்ணை நாங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும், பெண் கல்யாணத்துக்கு நீங்கள் போகவில்லையாமே என்று இப்போது யாராவது கேட்டால், நான் பழையபடி விசாக் கதையை விளக்க உட்காருவதில்லை. சம்பந்தி வீட்டாரோடும் தக்காளிக்கடைக்காரியோடும் சதுக்கத்தில் நின்று, நாங்களும் அண்ணாந்து பார்த்தோம் என்றுதான் சொல்கிறேன்.